பிப்ரவரி முப்பதாம் தேதிக் கையெழுத்து

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இவ்விடம் நானும் உங்கள் தங்கையும் உயிரோடு இருக்கிறோம். அவ்விடம் நீங்களும் அக்காவும் அதைவிட ஒரு படி மேலாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும். குறையாவிட்டால் பதில் கடிதத்தில் எழுத வேண்டாம். இந்த வாரம் இன்னொருவர் வலியைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று மாலை நீங்கள் என் தோளில் கைபோட்டுச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்காது. எனக்கு மறக்கவில்லை. "சும்மா உக்காந்தா துருப்பிடிச்சுப் போயிடுவீங்க மாப்ள. தங்கச்சி கிளினிக்ல அந்தக் காகிதமெல்லாம் பாத்துக்கிட்டா அவளுக்கும் ஒத்தாசை, உங்களுக்கும் பொழுது போகும்" என்றீர்கள். பொழுது போகவில்லை மச்சான். அதற்குப் பதிலாக நான்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். முப்பத்தொரு வருடம் எடை அளவுத் துறையில் ஆய்வாளராகக் கடை கடையாக ஏறி, தராசைத் தட்டிப் பார்த்து, படிக்கல்லைப் புரட்டிப் பார்த்து, வியர்த்து நின்ற கடைக்காரர்களை எல்லாம் பார்த்தவன் நான். அந்த வியர்வை எந்த இடத்தில் தொடங்கி எந்த வழியாக இறங்கும் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். பின்கழுத்தில் தொடங்குகிறது.

இருபது நாளைக்கு முன் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பல்லுக்குக் கம்பி கட்டும் மருத்துவமனைகளையெல்லாம் சோதனை செய்யப் போகிறார்களாம், நம்முடையதற்கு அடுத்த செவ்வாய்க்கு அடுத்த செவ்வாயாம், கூடவே எண்பத்துநான்கு கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல். உங்கள் தங்கையிடம் ஓடிப்போய் நீட்டினேன். அவள் ஒரு பெண்ணின் வாய்க்குள் குறடால் கம்பியை முறுக்கிக்கொண்டே, "வரட்டுமே. நாம என்ன திருடியா பிழைக்கிறோம்?" என்றாள். தப்பு செய்யாதவர்களுக்கு இதுதான் வியாதி மச்சான். பயப்படவே தெரியாது. ஆகவே அவளுக்கும் சேர்த்து நானே பயந்தேன்.

பட்டியலில் பதினேழாவது கேள்வி, 'பொருள்கள் அனைத்தும் தெளிவாகப் பெயரிடப்பட்டுள்ளனவா?' என்பது. மருந்துப் பொருள்களைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்பது இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி ஒட்டினேன். அலமாரிக்கு 'அலமாரி'. கதவுக்கு 'கதவு', உட்புறமும் வெளிப்புறமும். அடுத்தது அந்தப் பல் அச்சுகள். கம்பி கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொருவர் வாயையும் பிளாஸ்டர் மாவில் அச்செடுத்து வைப்பாளே, அந்த அச்சுகள் அறுநூறுக்கு மேல் மேசையிலும் ஜன்னலிலும் கிடந்தன. பார்வைக்கு நன்றாக இருக்காதென்று அத்தனையையும் வாரி, துணி வைக்கும் உயரமான அலமாரியில் அடுக்கிக் கதவை முதுகால் தள்ளிச் சாத்தினேன். அதையும் மன்னித்துவிடலாம். மூன்றாவதாகச் செய்ததைத்தான் என்னாலேயே மன்னிக்க முடியவில்லை.

அங்கே ஆட்டோகிளேவ் என்று ஒரு பாத்திரம் இருக்கிறது, பிரஷர் குக்கருக்குப் பெரியப்பா மாதிரி. குறடு, கண்ணாடி எல்லாவற்றையும் அதில் போட்டு ஆவியில் கிருமி நீக்குவார்கள். தினமும் கூடவே ஒரு சோதனைத் தாளை வைப்பார்கள். தாள் நிறம் மாறினால் கிருமி செத்தது என்று கணக்கு. இதற்கு ஒரு ரெஜிஸ்டர் வேண்டுமென்று ஜனவரியிலேயே கோடு போட்டு நர்ஸம்மாவிடம் கொடுத்திருந்தேன். பதினெட்டு வருடமாக உங்கள் தங்கையிடம் இருக்கிறவர். "ரெண்டு எடத்துல எழுதச் சொன்னா எனக்கு வேலை ஓடாது சார்" என்று அதைத் தொடவே இல்லை. இன்னொரு இடம் எது என்று நானும் கேட்கவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். சோதனைக்கு இரண்டு நாள் முன்பு எடுத்துப் பார்த்தால் மூன்று மாதம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை. உங்கள் தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். நான் பேனாவை எடுத்து உட்கார்ந்து, தேதி, நேரம், வெப்பம், அழுத்தம், 'சரி', கையெழுத்து என்று மூன்று பக்கத்தையும் நிரப்பிவிட்டேன். நானா, மச்சான்! இப்படி எழுதியவர்கள் எத்தனை பேரைச் சந்தியில் நிறுத்தியவன்!

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர், நாற்பது வயதிருக்கும். தண்ணீர் வேண்டாமென்றார், நாற்காலி வேண்டாமென்றார். பேசும்போதெல்லாம் கையிலிருந்த கோப்பால் வாயை மறைத்துக்கொண்டார். கதவு முன்னால் நின்று, "இது என்ன சார், கதவுன்னு எழுதி இருக்கு?" என்றார். "கதவுதான் சார்" என்றேன். அதை எழுதிக்கொண்டார். உயரமான அலமாரியைத் திறந்தார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அறுநூறு பேரும் ஒரே சமயத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு அவர் மேல் இறங்கினார்கள். மனிதர் பாவம், கோப்பைத் தலைக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அவர் வாய் வெளியே தெரிந்தது. மாவுத்தூசிக்கு நடுவே உங்கள் தங்கை கிட்டே போய், காயம் பட்டதா என்றுகூடக் கேட்காமல், "காலையில எழுந்திரிச்சா காதுக்குக் கீழ வலிக்குதா உங்களுக்கு?" என்றாள். "கீழ்த்தாடை முன்னால தள்ளி இருக்கு. கடிக்கும்போது ஒரு பக்கமே வேலை செய்யுது. இப்பக்கூட சரி பண்ணலாம். ரெண்டு வருஷம் ஆகும்."

ஆய்வாளர் முகம் இறுகிவிட்டது. கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார். "டாக்டர், எனக்கு இலவசமா வைத்தியம் பாக்கறேன்னு சொல்றீங்களா?"

லஞ்சம் கொடுக்க முயற்சி என்று ஒரு வரி எழுதினால் போதும், கதை முடிந்தது. நானே எழுதியிருக்கிறேன் அந்த வரியை, எத்தனையோ கடைகளில்.

"இலவசம்னு நான் எப்ப சொன்னேன்?" என்றாள் உங்கள் தங்கை. "காசு கொடுத்தாலும் உங்களுக்கு நான் கட்ட மாட்டேன். சோதனை போட வந்தவருக்கு நானே கம்பி கட்டினா நாலு பேரு என்ன பேசுவாங்க? வேற டாக்டர்கிட்ட போங்க. ஆனா போங்க. வலியோட எதுக்கு இருக்கணும்?"

அவர் பேனாவை மூடினார். "ஆட்டோகிளேவ் ரெஜிஸ்டர் எங்க?" என்றார்.

கொண்டுவந்து கொடுத்தேன். புரட்டினார். நிறுத்தினார். ஒரு பக்கத்தை முன்னும் பின்னும் பார்த்தார். "பிப்ரவரி முப்பதாம் தேதி எத்தனை பேரு சார் வந்தாங்க?"

பக்கத்துக்கு முப்பது வரி, மாதத்துக்கு ஒரு பக்கம் என்று நான் போட்ட கோடு, மச்சான். ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி அநாதையாகிப் போயிருந்தது. பிப்ரவரிக்கு இரண்டு நாள் இனாமாகக் கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் சுறுசுறுப்பாக வேலை செய்திருந்தன. என் முப்பத்தொரு வருடப் பெயரே அந்தப் பக்கத்தில் பல்லிளித்தது. ஆனால் வாய் சும்மா இருக்கிறதா? "அன்னைக்குக் கூட்டம் கொஞ்சம் கம்மி சார்" என்று சொல்லிவிட்டது.

உங்கள் தங்கை என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இப்போது அவளிடம் கம்பியோடு இருக்கிறார்கள். கிளினிக்கை மூடிவிட்டால் அத்தனை பேரும் பாதி வழியில் நிற்பார்கள். பல் வந்த வழியே திரும்பிப் போய்விடும் என்று அவள் அடிக்கடி சொல்வாள். அதையெல்லாம் நினைத்துத்தான் பார்த்தாள்.

"சார்," என்றேன், "இதை எழுதினவன் நான். டாக்டருக்கு எதுவும் தெரியாது. நான் முப்பத்தொரு வருஷம் எடை அளவு இன்ஸ்பெக்டரா இருந்தவன். இது தப்புன்னு தெரிஞ்சே எழுதினேன். என் பேர்ல எழுதிக்கோங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்படி எழுதினவங்ககிட்ட அப்பல்லாம் நீங்க என்ன சொல்வீங்க?"

"'இது உங்களுக்கே நல்லா இருக்கா'ன்னு கேப்பேன்."

"நல்லா இருக்கா சார்?"

"இல்லைங்க" என்றேன்.

அப்போது நர்ஸம்மா உள்ளே போய், அட்டை கிழிந்த ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துவந்து மேசையில் வைத்தார். பக்கம் பக்கமாகச் சோதனைத் தாள்களைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் கீழே தேதி. கிளினிக் மூடியிருந்த நாளில் 'லீவு'. ஒரு நாள் தாள் நிறம் மாறவில்லை என்பதால் 'மறுபடி வேகவெச்சது' என்று எழுதியிருந்தது. "அவரு ரெஜிஸ்டரு அவரு பொழுதுபோக்குக்கு சார்" என்றார் நர்ஸம்மா, "இது எங்க வேலைக்கு."

ஆய்வாளர் அதை நோயாளிகள் வந்துபோன நோட்டோடு பத்துப் பன்னிரண்டு தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அந்த 'மறுபடி வேகவெச்சது' மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் மூன்று பக்கத்திலும் மூலைக்கு மூலை சிவப்பு மையில் கோடு கிழித்து, அதன்மேல் என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார். கிளினிக்கை மூடவில்லை. எழுத்தில் ஒரு எச்சரிக்கை, ஒரு மாதத்தில் மறுசோதனை, அவ்வளவுதான். வாசலில் செருப்பை மாட்டும்போது உங்கள் தங்கையிடம் தாழ்ந்த குரலில், "வேற டாக்டர்னா, யாருகிட்ட போகலாம்?" என்று கேட்டார். அவள் ஒரு பெயரைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தாள்.

அன்று முழுவதும் அவள் என்னைத் திட்டவில்லை. அறுநூறு அச்சுகளில் உடைந்தவற்றை இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினோம். எந்த மேல்தாடைக்கு எந்தக் கீழ்த்தாடை என்று அவள் பார்த்த மாத்திரத்தில் சொன்னாள். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தன.

மச்சான், நான் களைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே தொழில், அதிலும் பெயரைக் கெடுத்துக்கொண்டேன். ராஜினாமாக் கடிதம் எழுதி உங்கள் தங்கையிடம் கொடுத்தேன். வாங்கி, அதன் பின்பக்கத்தில் யாருடைய கம்பி அளவையோ குறித்துக்கொண்டாள். ஆனாலும் என் முடிவில் மாற்றமில்லை. பெட்டி கட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். உங்கள் பின்கட்டு அறையை ஒழித்து வையுங்கள். ஒரு மாதமாவது எந்தக் காகிதத்தையும் கண்ணால் பார்க்காமல் கிடக்க வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் யாருக்கும் வியர்க்காத உத்தியோகமாக அமைய என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைக் கேட்ட
மாப்பிள்ளை

பி.கு.: அண்ணா, நான்தான். தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார், ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன். எழுதியதெல்லாம் உண்மைதான். எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. எக்ஸ்ரே மெஷினுக்கு அனுமதி முடிந்து நாலு வருஷம் ஆகியிருந்தது, நான் கவனிக்கவே இல்லை. இவர் வந்த முதல் வாரமே கண்டுபிடித்து, ஒன்பது தடவை அந்த ஆபீசில் போய் நின்று புதுப்பித்தார். அது இல்லாமல் போயிருந்தால் அன்றைக்கே வாசலில் பூட்டுத் தொங்கியிருக்கும். ஆய்வாளரே என்னிடம் சொன்னார். இதை இவரிடம் நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் எனக்கும் பெயர் எழுதி ஒட்டுவார்.

அறையை ஒழிக்க வேண்டாம். பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு சட்டை இல்லை, ஒரு வேட்டி இல்லை. புது ரெஜிஸ்டர் ஆறு, ஸ்கேல் ஒன்று, போன வருஷக் காலண்டர் ஒன்று, இந்த வருஷக் காலண்டர் ஒன்று.