கசியாத கேபிள்

"போலியைக் கொண்டுவந்து என் தலையில கட்டிட்டீங்களே மச்சான்! ஏமாத்த வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?"

"டேய், கடையில நின்னு ஒவ்வொண்ணா நீயே பொறுக்கி எடுத்துட்டுப் போன. நான் எங்கடா கட்டினேன்?" என்றார் ஃபோனில் அக்கா புருஷன்.

அதுதான் மீட்டருக்கு இன்னும் எரிந்தது. தானே பொறுக்கியதில் எப்படிப் போலி வரும்?

மீட்டர் என்பது பட்டப்பெயர். கருவி சொல்லாமல் எதையும் நம்பமாட்டான். கொதிக்கிற நெற்றியைத் தொட்டு அம்மா ஜுரம் என்றால்கூட, தெர்மாமீட்டர் வரும்வரை சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புவான். இப்போது சொந்தமாக நெட்வொர்க் வேலை எடுத்துச் செய்கிறான். முதல் வாடிக்கை இந்த ஸ்கேன் சென்டர்.

மாடியில் எடுக்கிற படம் கீழே டாக்டரின் கம்ப்யூட்டருக்கு வர வேண்டும். படத்தைச் சுமப்பது ஃபைபர் கேபிள், அதாவது உள்ளே வெளிச்சம் ஓடுகிற கண்ணாடி இழை. மாடியில் ஒரு அலமாரிக்குள் இருக்கும் நெட்வொர்க் பெட்டியில் அதை மாட்ட வேண்டும். அலமாரிக் கதவைச் சாத்தினால் கேபிள் மடங்கும். மடங்கிய இடத்தில் வெளிச்சம் கசியும். படம் பாதியில் நிற்கும்.

"மதியத்துக்குள்ள சரியாகணும். இல்லன்னா பழைய ஆளையே கூப்பிட்டுக்கறேன்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் வாடிக்கையே கையைவிட்டுப் போனால் இரண்டாவது எங்கிருந்து வரும்?

அதனால்தான் மச்சான் நீட்டிய சாதாரண கேபிளைத் தள்ளிவிட்டு, "எப்படி மடக்கினாலும் ஒரு பொட்டு வெளிச்சம் வெளிய வரக் கூடாது. அந்த ரகம்தான் வேணும்" என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கி வந்தான்.

வந்து பார்த்தால் அலமாரிக்குள் பெட்டி சுவரைப் பார்த்து நிற்கிறது! கேபிள் வேலை செய்கிறதா என்று காட்டும் விளக்கெல்லாம் அந்தப் பக்கம்.

"எந்த மகராசன்டா பெட்டியை இப்படித் திருப்பி வச்சான்?"

கையைப் பின்னால் விட்டுத் தடவித் தடவி முதல் கேபிளை மாட்டினான். பிறகு தன் செல்லக் கருவியை எடுத்தான். துணி உலர்த்தும் கிளிப் மாதிரி இருக்கும். கேபிளின் நடுவில் கவ்வவிட்டால், அதை லேசாக வளைத்து, கசிகிற வெளிச்சத்தை மோப்பம் பிடிக்கும். கிடைத்தால் கேபிளுக்கு உயிர் உண்டு, பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு.

சிவப்பு.

பிடுங்கினான். அடுத்ததை மாட்டினான். சிவப்பு. அதற்கடுத்தது. அதுவும் சிவப்பு.

ரிசப்ஷன் பெண் கதவருகே வந்தாள். "அண்ணா, கீழ டாக்டர்..."

"கத்தறாரு, அதானே? வேலை நடக்குதுன்னு சொல்லும்மா."

"அதில்லண்ணா, அவரு..."

"டெக்னிக்கல் வேலைம்மா இது. குறுக்க பேசினா கை நடுங்கும்."

அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு போய்விட்டாள். மீட்டர் குப்பையில் கிடந்த பழைய கேபிளை எடுத்து மாட்டிக் கிளிப்பைப் போட்டான். பளீரென்று பச்சை! அப்போதுதான் மச்சானைக் கூப்பிட்டான். அந்தச் சண்டையில்தான் நீங்கள் உள்ளே வந்தீர்கள்.

"குப்பையில கிடந்தது பச்சை காட்டுது மச்சான். உங்க புதுச்சரக்கு சிவப்பு காட்டுது. இதுக்கு என்ன சொல்றீங்க?"

"வேற ஒண்ணு மாட்டிப் பாரேன்."

"எத்தனை மாட்டறது? வாங்கிட்டு வந்த மொத்தமும் செத்த பயலுக!"

ஃபோன் கை மாறியது. "ஏன்டா, கட்டின புருஷனை எங்கிட்டயே திருடன்கறியா?" என்றாள் அக்கா.

"உன் புருஷன்னா தப்பு செய்யமாட்டாரா?"

"வீட்டுப் பக்கம் வந்துடாத, காலை ஒடிச்சிடுவேன்."

ஃபோனை அணைக்கக்கூட மறந்து, சட்டைப் பையில் போட்டான். புதியது செத்தது, பழையதற்குக் கதவு எமன். அப்படியானால் கதவே வேண்டாம்! திருப்புளியை எடுத்துக் கீலைக் கழற்றினான். கடைசித் திருகு வந்ததும் கதவு அவனை நம்பி நிற்கவில்லை. பக்கத்து மின்பலகையில் போய்ச் சாய்ந்தது. மாடி முழுக்க இருட்டு. ஸ்கேன் அறைக்குள் யாரோ, "என்னை வெளிய எடுங்க!" என்று அலறினார்.

தட்டுத்தடுமாறி மின்சாரத்தை மீட்டு, கதவைத் தோளில் தாங்கியபடி திரும்பினான். எதிரே டாக்டர், முகம் சிவந்து.

"சார், கேபிள் கடைக்காரர் ஏமாத்திட்டார் சார். சொந்த மச்சான் சார். எல்லாமே டம்மி."

"கேபிளுக்கு என்னய்யா? காலைலேர்ந்து நாலஞ்சு தடவை படம் சும்மா பறந்து வந்துச்சு. இப்படி ஒரு வேகத்தை நான் பாத்ததே இல்ல. அது வர்றதும் யாரோ பிடுங்கறதுமா இருக்கு. யாருய்யா அது?"

மீட்டரின் வாய் திறந்தது. சத்தம் சட்டைப் பையிலிருந்து வந்தது, மச்சானின் குரலில்:

"டேய்! கசியாத கேபிள்தான் வேணும்னு வாங்கிட்டுப் போய், அது கசியலைன்னாடா என்னைத் திருடன்ன?"

யார் பிடுங்கியது என்று கேட்டுவிட்டு டாக்டர் இன்னும் அங்கேயே நிற்கிறார். கதவு இன்னும் மீட்டரின் தோளில்தான் இருக்கிறது. அவன் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன பதில் சொல்வீர்கள், சீக்கிரம் சொல்லுங்களேன்?