நேராகச் சொல்லச் சொன்னாள் ஃப்ரேயா

டென்மார்க் பெண்ணைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நான் அதைச் சொல்லியே வாழ்க்கையை ஓட்டினவள் (அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோதுகூட அதைத்தான் சொன்னேன்).

என் மகன் செந்திலும் மருமகள் நித்யாவும் அமெரிக்காவில் வேலை பார்க்கிறார்கள். பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஃப்ரேயா என்ற டென்மார்க் பெண் அவர்கள் வீட்டிலேயே தங்கியிருக்கிறாள். ஓபேர் என்று அதற்குப் பெயராம். போன கோடையில் அவளையும் கூட்டிக்கொண்டு பரமத்தி வேலூருக்கு வந்தார்கள். திரும்பும்போது நானும் அவர்களோடு போய் ஆறு மாதம் இருப்பதாக ஏற்பாடு.

வந்ததும் நித்யா எனக்குப் பாடம் எடுத்தாள்.

"அத்தை, அவ வேலைக்காரப் புள்ளையும் இல்லீங்க, விருந்தாளியும் இல்லீங்க. ஊட்டுல ஒருத்தியாட்ட."

தலையை ஆட்டினேன். புரியவில்லை. எனக்குத் தெரிந்து, வெளியிலிருந்து வருகிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றுதான். நிலைப்படியில் குனிந்து நுழைந்த அந்த உயரத்தைப் பார்த்ததுமே விருந்தாளிதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

விருந்தாளியை வேலை செய்யவிட்டால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? அவள் தட்டைக் கழுவப் போனால் பிடுங்கிக்கொண்டேன். விளக்குமாற்றைத் தொட்டால் பிடுங்கிக்கொண்டேன். பேத்திக்குச் சோறு ஊட்ட உட்கார்ந்தால் கிண்ணத்தையும் பிடுங்கிக்கொண்டேன். சாப்பிடும்போது பக்கத்து நாற்காலியைத் தட்டி என்னைக் கூப்பிடுவாள். நான் நின்றுகொண்டேதான் பரிமாறுவேன். முகம் பார்த்துச் சிரிக்கலாம் என்றால் வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஒரு மத்தியானம் பார்த்தால், அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நித்யா அழாத குறையாக என்னிடம் ஓடி வந்தாள்.

"அத்தை, அவ நம்மளோட வரலையாமுங்க. இங்கிருந்தே அவங்க ஊருக்குப் போறாளாம். உங்களுக்கு அவளைப் புடிக்கலையாம். எதையும் தொட உடமாட்டேங்கறீங்களாம், அவகூட ஒக்காந்து சாப்பிடவும் மாட்டேங்கறீங்களாம். புடிக்காதவங்களோட ஆறு மாசம் ஒரே ஊட்டுல எப்படி இருக்கறதுன்னு கேக்கறா. அவ போயிட்டா, நீங்க ஆறு மாசத்துல திரும்புனதுக்கப்பறம் பாப்பாவ யாருங்க பாக்கறது? என்ற வேலை போச்சுங்க!"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மரியாதைக்குத்தான கண்ணு செஞ்சேன்?"

"அதை அவகிட்டச் சொல்லுங்க."

அங்கேதான் வினை. டென்மார்க் பக்கம் மனத்தாங்கல் வந்தால் சின்னவர் பெரியவர் பார்க்காமல் எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் குறையை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்களாம். எங்களையும் அப்படி உட்கார வைத்தாள் ஃப்ரேயா. முதலில் செந்திலைப் பிடித்தாள். தாமதமாக வருகிறீர்கள், சொல்வதும் இல்லை என்றாளாம். அமெரிக்காவில் பத்துப் பேரை அதட்டுகிறவன், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்து எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அம்மா, மனசுல என்ன இருக்குதோ ஒளிக்காமச் சொல்லோணுமாம்" என்றான் செந்தில்.

"ஒன்னுமில்ல சாமி."

அவன் அதை இங்கிலீஷில் சொன்னதும் ஃப்ரேயாவின் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. சொல்லவே முடியாத அளவுக்குப் பெரிய குறையோ என்று கேட்டாளாம்.

"ஐயோ, தங்கமான புள்ளைன்னு சொல்லு!"

"அதையும் மரியாதைக்குச் சொல்றதா நெனைக்கறா. ஒரு குறையாவது ஒடைச்சுச் சொன்னாத்தான் மிச்சத்தை நம்புவாளாம்."

அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. வாசலோரம் பெட்டி தயாராக நின்றது. மேசைக்கு அடியில் நித்யா என் முழங்காலைப் பிடித்து அழுத்தினாள். "எதையாச்சும் சொல்லுங்க அத்தை!" முதுகில் வேர்வை ஓடியது. வாய் தானாகத் திறந்தது.

"நித்யா வெக்கற ரசம் கை கழுவுன தண்ணியாட்ட இருக்குது."

முழங்காலில் இருந்த கை விலகியது.

என்ன சொன்னார் என்று ஃப்ரேயா கேட்டாள். செந்தில் ஓடுகிற ஃபேனை இப்போதுதான் முதல்முறை பார்ப்பவன்போல் அண்ணாந்து பார்த்தான். கடைசியில் நித்யாவே ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னாள்.

ஃப்ரேயா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மேசையில் ஓங்கித் தட்டினாள். "அமெரிக்காவில் வேலைக்கு வந்த முதல் வாரமே நானும் நித்யாவிடம் அதைத்தானே சொன்னேன்!" என்றாளாம். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். என் நாற்காலியைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மரியாதைக்காகத்தான் பிடுங்கினேன் என்று செந்தில் சொன்னபோது இந்த முறை நம்பினாள்.

நித்யா எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரம் உருண்டது. டென்மார்க்காரியை நிறுத்தி மருமகளைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து, நேரே என் எதிரில் உட்கார்ந்தாள்.

"இப்ப என்ற மொறைங்க அத்தை. நான் மடிச்ச துணிய எடுத்து மறுக்கா மடிக்கறீங்களே, கல்யாணமான நாள்ல இருந்து எனக்குப் பத்திக்கிட்டு வருதுங்க!"

காது சுட்டது. செந்தில் மேசைக்கு அடியில் போகாத குறை.

ஃப்ரேயா பெட்டியைப் பிரித்தாள். நானும் அமெரிக்கா போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தேன். இன்றுவரை எங்கள் வீட்டில் யாராவது சொல்ல வந்ததை மென்று முழுங்கினால், "என்ன, ரசமா?" என்றுதான் கேட்கிறார்கள். சொந்தக்காரர்கள்வரை பரவிவிட்டது. போன வாரம் நித்யாவின் அம்மா போனில், "ஏனுங்க சம்பந்தி, குரலே செரியில்லீங்களே, ரசமுங்களா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

முழுக் கதை அவருக்குத் தெரியாது. நித்யாவுக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.