மூன்று முறை சாம்பியனும் ஒரு சாக்கு வற்றலும்

சீட்டாட்டத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று முடிவுள்ளது, மற்றது முடிவே இல்லாதது. இந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை ஐந்து கிலோ குண்டு மிளகாய் வற்றல். அதுவும் என்னுடையது அல்ல, என் மனைவியுடையது.

நான் கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய் மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவன். நடந்ததை நாள் கிழமையோடு நினைவில் வைப்பது என் பழக்கம். இந்தக் கதை பங்குனி பிறந்து இரண்டாம் ஞாயிறு நடந்தது. (என் மனைவி சாந்தி சனிக்கிழமை என்பாள். தவறு. சனிக்கிழமை எனக்குக் கடை உண்டு. மற்றபடி அவள் சொல்வது எல்லாம் உண்மைதான்.)

எங்கள் தெரு மன்றத்தில் பொங்கலுக்குப் பொங்கல் ரம்மிப் போட்டி நடக்கும். ஆளுக்கு ஒரு டம்ளர் நிறையப் புளியங்கொட்டை கொடுப்பார்கள். தோற்றால் கொட்டை கொடுக்க வேண்டும். கொட்டை தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும். கடைசிவரை உட்கார்ந்திருப்பவர் சாம்பியன். நான் தொடர்ந்து மூன்று வருடம் சாம்பியன். ஃபிளாஸ்க், ஹாட்பேக், சுவர்க் கடிகாரம் என்று பரிசுகள் வீட்டில் இருக்கின்றன.

என் வெற்றியின் ரகசியம், ஆடாமல் இருப்பது. (அன்றைக்கு இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.) கை கொஞ்சம் சுமாராக இருந்தாலும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். இதற்கு ஸ்கூட் என்று பெயர். நஷ்டம் இரண்டு கொட்டையோடு போய்விடும். மற்றவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதி, ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். எல்லோரும் போனபின், கரிசல் சேற்றில் மாட்டிக்கொண்ட செருப்பு மாதிரி நான் மட்டும் இருப்பேன்.

போக்கர் ஆட்டம் பற்றிக்கூட இரண்டு தடித்த புத்தகங்கள் வாசித்திருந்தேன். ஒன்றில், போட்டியில் ஆடிப் பழகியவர்கள் காசு ஆட்டத்துக்கு மாறும்போது எல்லாவற்றையும் புதிதாகப் படிக்க வேண்டும் என்று முழு அத்தியாயமே இருந்தது. நமக்கெதற்கு என்று தாண்டிவிட்டேன்.

சாந்தியின் ஊர் விளாத்திகுளத்துக்குக் கிழக்கே. அவள் அண்ணன் சண்முகராசு மானாவாரியில் மிளகாய் போடுகிறவர். வருடந்தோறும் தங்கைக்கு என்று ஒரு சிறு சாக்கில் குண்டு வற்றல் ஒதுக்கிவைப்பார். சாந்தி கடை வற்றலைக் கையால் தொடமாட்டாள். அந்த வருடம் விளைச்சல் சுமார். வீட்டுச் செலவுக்கு ஒரு மூட்டை போக மீதியை எல்லாம் வியாபாரிக்கு எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, எங்கள் சாக்கைத் தொடாமல் வைத்திருந்தார்.

"பத்திரமா கொண்டாங்க. இதை விட்டா வேற கெடையாது. வருசம் பூரா இதுதான் குழம்பு" என்று சொல்லி அனுப்பினாள்.

"ஒரு சாக்கைத் தூக்கிட்டு வரத் தெரியாதா எனக்கு?" என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

மதியம் சாப்பாடு ஆனதும் மச்சான் சாக்கைக் கையில் கொடுத்தார். பஸ் நாலு மணிக்குத்தான். மிளகாய்க் களத்தில் காவலுக்கு இருப்பவர்கள் உடைமர நிழலில் சீட்டு விரித்திருந்தார்கள்.

"ஒரு கை ஆடுதீங்களா மாப்ளே?"

"மச்சான், நான் மூணு வருச சாம்பியன்."

"அப்பிடின்னா நாங்க பயந்துக்கிடுதோம். உக்காருங்க" என்றாள் பேச்சி சித்தி. சாந்திக்குச் சித்தி முறை, பக்கத்துக் காட்டுக்காரி. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவள் சீட்டைக் கலைத்த வேகத்தைப் பார்த்தபோதே நான் எழுந்திருக்க வேண்டும்.

பந்தயம் வற்றல்தான். ஸ்கூட் அடித்தால் ஒரு கை வற்றல், தோற்றால் அரைச் சுளகு, அதாவது அரை முறம், ஜெயித்தவருக்குப் போகும். அவரவர் பக்கத்தில் அவரவர் சாக்கு.

"காசு வச்சு ஆடுனாத்தான் மாப்ளே சூதாட்டம்" என்று சித்தி விளக்கினாள். "இது குழம்புச் சாமான்."

எனக்கு வற்றல் எல்லாம் புளியங்கொட்டையாகவே தெரிந்தது. கடைசியில் எல்லாம் ஜெயித்தவனிடம் சேரும், ஜெயிக்கப்போவது நான். பிறகென்ன? அந்த நேரம் பார்த்து ஆடு மேய்க்கும் வேலுச்சாமி அண்ணாச்சி வந்தார். அவருக்கு மிளகாய்க் காடு கிடையாது. "எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. கையில வத்தல் இல்லியே" என்றார். என் சாக்கிலிருந்து இரண்டு கை அள்ளிக் கொடுத்தேன், தாராளமாக.

ஆட்டம் தொடங்கியது. நான் ஸ்கூட் அடித்தேன். அடுத்ததும் ஸ்கூட். அதற்கடுத்ததும்.

"என்ன மாப்ளே, சீட்டைப் பாக்குறதுக்கு முன்னாலயே கவுத்துதீங்க?" என்றாள் சித்தி.

"இது ஒரு உத்தி சித்தி."

"உத்தியா? கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டீகளோன்னு நெனச்சேன்."

கொஞ்ச நேரத்தில் மச்சானுக்கும் சித்திக்கும் பெரிய மோதல். மச்சான் முன்னால் இருந்த வற்றல் மொத்தமும் போனது. ஒரு ஆள் காலி என்று உள்ளுக்குள் துள்ளினேன். அவரோ அவசரமில்லாமல் வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த மூட்டையில் கையைவிட்டு அள்ளி, முன்னால் குவித்துக்கொண்டார்.

"மச்சான், நீங்க அவுட்லா?"

"அவுட்டா? எங்க போகச் சொல்லுதீங்க? இது எங்க களம்லா."

வேலுச்சாமி அண்ணாச்சி துண்டை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார். "கேலி பண்ணாதீங்கப்பா அவரை. அவிய சாம்பியன். ஊரு வழக்கம் வேறயா இருக்கும்."

நான் ஒதுங்கிக்கொண்டே இருந்தேன். யாரும் எழுந்து போகவே இல்லை. காத்திருக்க ஒரு முடிவே இல்லாத ஆட்டத்தில் ஒருவன் காத்திருந்தால் என்ன ஆகும் என்பது அந்தத் தாண்டிய அத்தியாயத்தில் இருந்திருக்கும். இங்கே அது என் சாக்கில் நடந்துகொண்டிருந்தது. நடுவில் பொறுமை இழந்து மூன்று ஆட்டம் துணிந்து ஆடினேன். மூன்றிலும் சித்தி சுளகை நீட்டினாள்.

அப்போது ஆடுகள் யாருடைய பருத்திக்குள்ளோ நுழைந்துவிட்டன. வேலுச்சாமி அண்ணாச்சி எழுந்தார். ஆகா, ஒரு ஆள் வெளியேறுகிறார். நான் எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். "வருத்தப்படாதீங்க அண்ணாச்சி. நல்லாத்தான் ஆடுனீங்க."

அவர் துண்டில் பொதிந்திருந்த வற்றல், ஒரு ஆட்டுக்குட்டி அளவுக்கு உப்பியிருந்தது. அதிலிருந்து இரண்டு கை எடுத்து என் முன்னால் போட்டார். "சாம்பியன்கிட்ட கடன் வைக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு ஆட்டின் பின்னால் ஓடினார். அந்த இரண்டு கையையும் அடுத்த இரண்டு ஆட்டத்தில் ஸ்கூட் அடித்தேன்.

பிறகு சித்தி தன் களத்து மிளகாயைப் புரட்டிப்போட வேண்டும் என்று எழுந்தாள். மச்சான் என்னைப் பஸ்ஸுக்குக் கொண்டுவிட வண்டி எடுக்கப் போனார்.

நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். மூன்று வருட அனுபவத்தில் இதற்கு எனக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும்.

"மச்சான், எல்லாரும் எந்திரிச்சிட்டாங்க" என்றேன், அவர் வண்டியை நிறுத்தியதும். "அப்ப நான்தான் ஜெயிச்சேன், இல்லையா?"

அவர் என்னைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"ஆமா மாப்ளே. நீங்கதான் ஜெயிச்சீங்க. சாக்கை மடிச்சு வைங்க, பஸ்ஸு வந்துரும்."

அப்போதுதான் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே காம்பும் விதையும் கொஞ்சம் தூசும் இருந்தன. ஒரு தும்மல் வந்தது. அவ்வளவுதான் மிச்சம்.

மச்சான் தலையில் கைவைத்தார். "தங்கச்சிகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?" பக்கத்துக் களத்திலிருந்து சித்தி குரல் கொடுத்தாள்: "திருப்பிக் குடுத்துருதேன் மாப்ளே. புள்ள வீட்டுச் சாமான். எடுத்துக்கிடுங்க."

வாங்கியிருக்கலாம். மனிதனாகப் பிறந்தவன் வாங்கியிருப்பான். நானோ சாம்பியன். "வேண்டாம் சித்தி, ஆட்டம்னா ஆட்டம்" என்று சொல்லிவிட்டு, மடித்த சாக்கோடு பஸ் ஏறினேன்.

கோவில்பட்டி வந்து இறங்கியதும் நேராக மளிகைக் கடை. நீள வற்றல்தான் இருந்தது. சிவப்பு சிவப்புதானே என்று ஐந்து கிலோ வாங்கி, அதே சாக்கில் கொட்டி, அதே முடிச்சைப் போட்டேன்.

சாந்தி முடிச்சை அவிழ்த்தாள். ஒன்றை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எங்க அண்ணன் காட்டுல குண்டாத்தான காய்ச்சது?"

"ஆமா."

"பஸ்ஸுல நின்னுட்டே வந்ததுல நீண்டுட்டாக்கும்?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "சித்தி திருப்பித் தாரேன்னு சொல்லலியா?" சொன்னதையும் நான் மறுத்ததையும் சொன்ன பிறகுதான் சத்தம் போட்டாள்.

அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டுக் குழம்புக்குச் சாம்பியன் குழம்பு என்று பெயர். மறு வருடத்திலிருந்து சாக்கு லாரி பார்சலில் வருகிறது. சாந்தி பெயருக்கு. அவள் கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பார்கள் என்று மச்சான் ஏற்பாடு. விளாத்திகுளம் பக்கம் எந்தக் கல்யாணத்திலும் பந்தியில் கடைசியாக நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், யாராவது ஒருவர், "மாப்ளே ஜெயிச்சிட்டாருப்பா" என்று சொல்லாமல் இலையை எடுப்பதில்லை.

போன மாதம் எங்கள் மகள் பள்ளி ஆண்டு விழாவில் மியூசிக்கல் சேரில் முதல் பரிசு வாங்கினாள். எல்லோரும் போனபிறகு நாற்காலியில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாளாம். ஓடிவந்து கோப்பையைக் காட்டினாள்.

சாந்தி கோப்பையை அப்புறம் பார்த்தாள். முதலில் மகளின் பையைத் திறந்து, சாப்பாட்டு டப்பா இன்னும் இருக்கிறதா என்று பார்த்தாள்.