இருபத்து நாலு இன்ச்சில் என் மகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம். உன் சுகத்தை ஞாயிறுதோறும் கண்ணாலேயே பார்த்துவிடுவதால், விசாரிக்கும் சம்பிரதாயத்தை இந்த ஒரு தடவை விட்டுவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

போன ஞாயிறு நீ, "புது மானிட்டர் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாய். "பிரமாதம்மா" என்றேன். அது பொய். மானிட்டர் சரியில்லை. அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழையபடி போனிலேயே உன்னோடு பேசுவது என்று முடிவு செய்துவிட்டேன். முகத்துக்கு நேராகச் சொல்ல வாய் வராததால்தான் இந்தக் கடிதம். காரணங்களை ஒன்றுவிடாமல் சொல்கிறேன். ஆபீஸ் வேலை இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

உன் அம்மா இருந்தவரை உன்னோடு பேசுவது அவள் இலாகா. நான் பின்னால் நின்று தலையாட்டினால் போதும். அவள் போன பிறகு அந்த இலாகா என் தலையில் விழுந்தது. உன்னிடம் சொல்வதற்கென்று வாரம் முழுக்க விஷயம் சேர்க்கிறேன். குழாய் ஒழுகினால்கூட, சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு ஆச்சு என்று சந்தோஷப்படுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் அந்த ஒரு பேச்சுதான் எனக்கு வாரம். மற்ற நாட்களில் இந்த வீட்டில் என் குரலை நானே கேட்பதில்லை. அப்படிப்பட்ட பேச்சில் உன் முகம் போனில் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தால் எப்படி? நீ விட்டுப்போன கம்ப்யூட்டர் கல் மாதிரி இருக்கிறது, அதன் மானிட்டர்தான் உயிரை விட்டுவிட்டது. "சின்ன பட்ஜெட்ல ஒண்ணு வாங்கிக்கோங்கப்பா" என்று நீயும் சொன்னாய்.

மேல்மாடிக்காரரை உனக்குத் தெரியும். "எனக்கெதுக்கு வம்பு" என்று ஆரம்பிக்காமல் அவர் வாயைத் திறந்ததில்லை, ஆரம்பித்த பிறகு வம்பு பண்ணாமல் மூடியதுமில்லை. மானிட்டர் வாங்கப் போகிறேன் என்று மாடிப்படியில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "எனக்கெதுக்கு வம்பு, ஆனா மேசை ஆழம் பாக்காம வாங்கினா கழுத்து போயிடும்" என்று டேப்போடு இறங்கி வந்து, என்னை நாற்காலியில் உட்காரவைத்து, என் மூக்கு நுனியிலிருந்து சுவர்வரை அளந்தார். இருபத்தேழு இன்ச் வாங்கினால் உன் இடது காதிலிருந்து வலது காதுக்கு நான் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்குமாம். இருபத்து நாலு போதும் என்று தீர்ப்பு வழங்கிவிட்டு, டேப்பை என் மேசையிலேயே மறந்துவிட்டுப் போனார்.

கடையில் இருந்த விற்பனைப் பெண் மரியாதையானவள்தான். "எதுக்கு சார் யூஸ் பண்ணப் போறீங்க? கேமிங்கா, ஆபீஸ் வேலையா, படம் பாக்கவா?" என்றாள். "ஒரு ஆளைப் பாக்கணும்மா" என்றேன். "ஓ, சிசிடிவியா சார்?" என்றாள். இல்லை, என் பெண் வெளியூரில் இருக்கிறாள் என்று விளக்கினேன். அவள் ரெஃப்ரெஷ் ரேட், பேனல், ரெஸ்பான்ஸ் டைம் என்று அடுக்க ஆரம்பித்தாள். நான் ஆலையில் காலமெல்லாம் துணிக்கு ஷேடு பார்த்தவன். ஒரே சாயத்தில் தோய்த்த இரண்டு துணியைக் காட்டினால் எது எந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்று சொல்லுவேன். என்னிடம் இதெல்லாம் எடுபடுமா? பென் டிரைவில் கொண்டுபோன உன் போட்டோவைக் கொடுத்து, "எல்லாத்துலயும் இதைப் போடும்மா" என்றேன்.

போட்டாள். சுவர் முழுக்க நீ. ஒன்றில் மஞ்சள் காமாலை வந்தவள் மாதிரி, ஒன்றில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த மாதிரி நீலம் பாரித்து, ஒன்றில் யாரையோ அடித்துவிட்டு வந்த மாதிரி சிவந்து. கீழ்வரிசை ஓரத்தில், விலை குறைந்த ஒன்றில் மட்டும் அச்சு அசல் உன் நிறம். அதைத்தான் எடுப்பது என்று உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கிறேன் என்று நின்றேன். ஒரு அம்மாள் குழந்தையைக் கையில் பிடித்தபடி என் பக்கத்தில் வந்து, "யாராவது காணாமப் போயிட்டாங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். "இல்லம்மா, வேலைக்குப் போயிருக்கா" என்றேன். வீட்டில் ஈ காக்கை இல்லாதவனுக்கு ஒரே சுவரில் இத்தனை மகள்கள். கிளம்ப மனசே வரவில்லை. கடைசியில் அந்த விற்பனைப் பெண்தான் பாவம், ஒவ்வொன்றாக அணைத்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கூத்து. நம் கம்ப்யூட்டரிலிருந்து வரும் ஒயர் நுனியில் இருப்பது பல்வரிசை வைத்த நீலச் செருகி, மானிட்டரில் இருப்பதோ தட்டையான ஓட்டை, இரண்டுக்கும் ஜென்மப் பகை என்பதால் கன்வெர்ட்டர் என்று ஒன்றை வாங்கப் போனேன், வாங்கி மாட்டினால் உன் படம் வருகிறது, வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை, விலை குறைந்த மானிட்டருக்கு ஸ்பீக்கர் கிடையாதாம், அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, அதற்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினால் அது உன் குரலில் கொஞ்சம் ஜலதோஷத்தைச் சேர்த்துக் கொடுக்கிறது, சரி போகட்டும் என்றால் மானிட்டரின் கால் குட்டை, நான் குனிந்தால்தான் உன் முகம் நேராக வருகிறது, பெண்ணைப் பெற்றவன் பெண்ணுக்கே கும்பிடு போடுகிற மாதிரி இருக்கிறதே என்று மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியை அடியில் கொடுத்தேன், இப்போது மானிட்டர் உயர்ந்துவிட்டது, ஆனால் அதன் விளிம்பு அப்பளம் மாதிரி மெல்லிசாக இருப்பதால் பழைய கேமரா உட்கார மாட்டேன் என்கிறது, துணி கிளிப் போட்டு நிறுத்தினேன். முதல் ஞாயிறு பேசி முடித்துவிட்டுப் பார்த்தால் கேமரா மல்லாந்து கிடக்கிறது. அவ்வளவு நேரமும் நீ மின்விசிறியோடுதான் பேசியிருக்கிறாய். அப்பா மனசு நோகக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே! அந்தப் பெருந்தன்மை உன் அம்மா வழி வந்தது.

இத்தனை இம்சை நமக்குத் தேவையா, நீயே சொல். போன் போதும். கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடக்கலாம், படுத்துக்கொண்டும் பேசலாம். நாளைக் காலை கடைக்குப் போகிறேன். மேல்மாடிக்காரர் "எனக்கெதுக்கு வம்பு" என்று கூடவே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடிக்கொள். பதவி உயர்வு வந்தால் எனக்குச் சொல், வராவிட்டால் முதலில் எனக்குச் சொல். நீ நினைத்ததெல்லாம் நடந்து, நினைக்க மறந்ததும் நடக்கட்டும்.

என்றும் உன் நினைவாக,
அப்பா

பி.கு.: மேலே எழுதியதில் கடைக்குப் போவது என்ற முடிவு வெறும் புளுகு. செருகி, ஸ்பீக்கர், அட்டைப்பெட்டி எல்லாம் சரியாகிவிட்டது. மானிட்டரில் ஒரு குறையும் கிடையாது. அவ்வளவு துல்லியம் என்பதுதான் எனக்குத் தொந்தரவாகிவிட்டது. போனில் பேசும்போது உன் மூக்குக் கண்ணாடியில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். ஜன்னல் வெளிச்சம் என்று நினைத்திருந்தேன். போன ஞாயிறு இதில் பார்த்தேன். ஜன்னல் இல்லை. ஒரு வெள்ளைப் பக்கம், அதில் நீல வரிகள், கீழேயிருந்து மேலே ஓடிக்கொண்டே இருந்தன. நான் குழாய்க் கதையைச் சொல்லச் சொல்ல நீ "ம்... அப்புறம்ப்பா" என்று ஆபீஸ் கடுதாசி படித்துக்கொண்டிருந்தாய். சந்தேகத்துக்கு, "மேல்மாடிக்காரர் ஒரு யானை வாங்கி மொட்டைமாடில கட்டியிருக்கார்மா" என்று சொல்லிப் பார்த்தேன். "நல்லதுப்பா, உடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றாய்.

உன்மேல் தப்பில்லை. குழாய்க் கதையை வேறு யார் கேட்பார்கள்? ஆனாலும் வலித்தது, மறைக்க மாட்டேன். திருப்பிக் கொடுக்கத்தான் பெட்டியில் வைத்துக் கட்டினேன். அப்புறம் கட்டைப் பிரித்து மறுபடி மாட்டிவிட்டேன், இந்தக் கடிதமே அதில்தான் அடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு உதவி செய் அம்மாடி. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசு. உனக்கு நான் மங்கலாகத்தான் தெரிவேன், பரவாயில்லை. எனக்கு உன் கண்ணைப் பார்க்கணும்.