இரண்டு சேவலில் எதை வைப்பது, மாமா

கூடுவாஞ்சேரி,
1998, ஆடி மாதம்.

கர்த்தருக்குள் மிகவும் மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் ஜெபசிங் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் தங்கள் மகள் சிநேகாவும் தேவ கிருபையால் சுகம். மதுராந்தகத்தில் தாங்களும் அத்தையும் சுகம் என்று நம்புகிறேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, நேற்று சாயங்காலத்திலிருந்து சிநேகா என்னோடு பேசவில்லை. அவளுடைய துணிப்பை கட்டிலின் மேல் கட்டித் தயாராக இருக்கிறது.

எல்லாம் நீங்கள் தந்த சில்க்கிக் கோழிகளால் வந்தது. பஞ்சு உருண்டை மாதிரி ஐந்து குஞ்சுகளைக் கூடையில் வைத்துக் கொடுத்து, "மூணு பொட்டை, ரெண்டு சேவல். வளந்ததும் நல்லதா ஒரு சேவல இனத்துக்கு நிறுத்திக்க. இன்னொண்ண தள்ளிடு. இல்லன்னா அடிச்சிகினு சாவும்" என்றீர்கள். அந்த வேளை வந்துவிட்டது. இரண்டு சேவலில் வெள்ளையனுக்குச் சின்ன உடம்பு, தலையில் உருண்டையாக மயிர்ப்பந்து, இந்த இனத்துக்கு இருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னபடி இரண்டு காலிலும் ஐந்தைந்து விரல். சாம்பலுக்கு இடது காலில் நாலே விரல். அந்தக் குறை குஞ்சுகளுக்கும் இறங்கும் என்பதால் வெள்ளையனையே நிறுத்துவது என்று முடிவு செய்தேன். பக்கத்து வீட்டு வேண்டா அக்கா ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுகிறார், தள்ளுகிற சேவலைக் குழம்புக்குக் கேட்டார். யோசிக்காமல் சரி என்றுவிட்டேன். அது சிநேகா காதில் விழுந்துவிட்டது.

"சாம்பல் யாரயாவது கொத்தி பாத்திருக்கீங்களா? காலு மட்டும்தான் குஞ்சுக்கு வருமா, கோவம் வராதா?" என்று கேட்டாள். நேற்று போதகர் ஐயா ஜெபிக்க வந்தார். எல்லோரும் கண்ணை மூடியிருந்தபோது வெள்ளையன் கூண்டிலிருந்து நழுவி, நாற்காலிக்கு அடியில் புகுந்து, அவர் கட்டைவிரலைக் கொத்திவிட்டது. பெரிய மனசு அவருக்கு, ஆமென் சொல்லும்வரை இரண்டு காலையும் தூக்கிக்கொண்டே ஜெபித்தார். பிடிக்கப் போன சிநேகாவுக்கு மணிக்கட்டில் ரத்தம். "இது இங்க கீதுன்னா நான் எங்க வூட்டுக்குப் போறேன். சாம்பலும் என்கூட வருது" என்றாள். உடனே துணிப்பையையும் கட்டிவிட்டாள். நானும் சாம்பலைத் தூக்கிப் பார்த்தேன். அது கண்ணை மூடி என் கையிலேயே படுத்துக்கொண்டது. அதைக் கொடுக்கவும் மனசு வரவில்லை, நாலு விரலை வைத்துக்கொள்ளவும் தைரியம் வரவில்லை.

ஆகவே வேண்டா அக்கா வந்து நிற்பதற்குள் தாங்கள் நேரில் வந்து ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும். அத்தைக்கு எங்கள் ஸ்தோத்திரம். உங்கள் கூண்டுகளுக்கு ஒரு நோயும் அண்டாமல் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
கீழ்ப்படிந்த மருமகன்,
ஜெபசிங்.

பி.கு.: உறையில் போடும் முன் தீனி வைக்கப் போனேன். வெள்ளையன் மூலையில் உட்கார்ந்துகொண்டு எழவில்லை. இரண்டு கொத்து வாங்கிக்கொண்டு தூக்கினேன். அடியில் ஒரு சின்ன முட்டை, இன்னும் சூடாக. ஆக, நம்மிடம் இருப்பது ஒரே சேவல்தான், தாங்கள் அலைய வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தேன். சிநேகா வந்து பார்த்துவிட்டு, நேற்றிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "எங்க நைனா சேவல்னு சொன்னா அது சேவல்தான். அந்த முட்டைய உள்ள வெச்சது யாரு, சொல்லுங்க" என்கிறாள். தாங்கள் கட்டாயம் வர வேண்டும்.