பதினேழாம் இலக்கத்தின் இருமல்

பெட்டி கழுத்தில் ஏறி மூன்றாம் நாள். பிரகலாதனுக்கு இன்னும் ஒரு இருமல்கூட வரவில்லை.

"இருமு மச்சான்," என்றான் கூட வேலை செய்கிற ஸெய்னுதீன். "விடிய நீ இருமுறதைக் கேட்டுத்தானே அன்புவழிபுரத்தில பாதிச் சனம் கேத்திலை அடுப்பில வைக்கிறது. இப்ப என்ன, இருமலுக்கும் லீவா?"

"வந்தா இரும மாட்டனா? வரமாட்டனெண்டு நிக்குது."

"பெட்டியைக் கண்டு வெக்கப்படுதாக்கும்."

பெட்டி சவர்க்காரக் கட்டி அளவு. துறைமுகத்தில் சீமெந்து இறக்குகிறவர்களின் நெஞ்சுக்குள் தூசி என்ன செய்கிறது என்று ஆராய்ச்சி செய்ய வந்த டொக்டர்மார் முப்பது பேருக்கு அதைக் கொடுத்திருந்தார்கள். அது இருமலை எண்ணும், நேரத்தைக் குறிக்கும், சுற்றியிருக்கிற தூசியை அளக்கும். ஏழு நாள் கழற்றக் கூடாது.

சம்மதப் பத்திரத்தில் மற்றவர்கள் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்கள். பிரகலாதன் மட்டும் ஒன்றேகால் மணித்தியாலம் இருந்து நாலு பக்கத்தையும் வாசித்தான். ஸெய்னுதீன் வைக்கவே இல்லை. "அது கதையையும் பிடிச்சு வைக்குமாம். நபீஸா கேட்டா என்ர கதி என்ன?" என்று விலகிக்கொண்டான். நபீஸா அவனுடைய மனைவி.

பிரகலாதனுக்கு எழுத்து வந்தது நாற்பது வயதில். மகள் கீர்த்தனிக்கு அரிவரி சொல்லிக் கொடுத்த கையோடு மனைவி கமலாதேவி அவனையும் பக்கத்தில் இருத்திச் சொல்லிக் கொடுத்தாள். அவன் தானாக வாசித்த முதல் வரி சீமெந்துப் பையில் இருந்தது. 'கொக்கி பாவிக்க வேண்டாம்.' இருபது வருசமாக அந்தப் பையைச் சுமந்தவன் அவன். வாசித்த நேரம் கையில் கொக்கி இருந்தது.

அந்தக் கமலாதேவிதான் இப்போது வீட்டில் இல்லை.

கீர்த்தனியின் பிள்ளைப்பேற்றுக்கென்று மகளின் ஊரான கப்பல்துறைக்குப் போனவள். முப்பத்தோராம் நாள் பிறப்புத் தீட்டான துடக்குக் கழிந்ததும் அவளைக் கூட்டி வரப் பிரகலாதன் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனான். பேரப்பிள்ளையைத் தூக்கக் குனிந்தான். சேட்டுப் பொக்கெற்றிலிருந்து ஒரு கட்டுப் பீடி பிள்ளையின் பாயில் விழுந்தது.

"விட்டு ரெண்டு வருசமெண்டு சொன்னியள்?" என்றாள் கமலாதேவி.

"இது ஸெய்னுதீன்ர. நபீஸா அவன்ர பொக்கெற்றைத் துழாவுவா எண்டு என்னட்டத் தந்தவன்."

"அவன்ர பீடி உங்கட பொக்கெற்றில. உங்கட இருமல் என்ர காதில. இருபத்தேழு வருசத்தில ஒரு நாள் நான் ஒழுங்கா நித்திரை கொண்டிருப்பனா?"

"அது சீமெந்துத் தூசி, கமலா."

"அப்பிடியெண்டா ஒரு டொக்டரின்ர எழுத்தில கொண்டு வாங்கோ. அண்டைக்கே வாறன்."

அது நடந்து நாலு மாதம். பிரகலாதன் இன்னும் இரண்டு கோப்பையில்தான் தேத்தண்ணி ஊற்றுகிறான். தன்னுடையதைக் குடிப்பான், மற்றது ஆறும்வரை பார்த்திருப்பான், பிறகு அதையும் குடிப்பான்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறரைக்கு அவள் போன் எடுப்பாள்.

"சாப்பிட்டியளா?"

"ஓம். பாணும் சம்பலும்."

"இருமல்?"

"இருக்கு."

"இருமிக் காட்டுங்கோ பாப்பம்."

அவன் இருமுவான். அவள் கடைசிவரை கேட்பாள்.

"இன்னொருக்கா. போனைக் கிட்டப் பிடிச்சு."

இருமுவான்.

"அப்பிடியேதான் கிடக்கு. நான் வரேல்லை." போன் கட்டாகும்.

கப்பலில் வந்த சாமானை இறக்க முதல் சோதிக்கிற மாதிரி அவள் தன் இருமலைச் சோதிக்கிறாள் என்று பிரகலாதன் நினைத்தான். அந்த நேரத்தில்தான் பெட்டியோடு டொக்டர்மார் வந்தார்கள். பெட்டி எண்ணட்டும், டொக்டர் எழுதட்டும், கமலா வரட்டும் என்று முதல் ஆளாகக் கழுத்தை நீட்டினான்.

பெட்டி போட்ட அன்றே சுப்பவைசர் ஆனந்தராசா தன் கூட்டத்தில் பெட்டி போட்ட ஆறு பேரையும் கப்பலின் அடியறையிலிருந்து எடுத்து வெளிக் கேற்றில் நிறுத்திவிட்டார். வேப்பமர நிழல், கடற்காற்று, லொறி வந்தால் கேற்றைத் திறக்கிற வேலை.

பிரகலாதன் போய்க் கேட்டான். "சேர், என்னைத் திரும்பக் கப்பலுக்குள்ள விடுங்கோ. எனக்குத் தூசி வேணும்."

ஆனந்தராசா பேனையை வைத்துவிட்டுப் பார்த்தார். "இத்தினை வருசத்தில தூசி வேணுமெண்டு வந்து நிக்கிற முதல் ஆள் நீதான். அறிக்கையில எங்கட பேர் கெடப்படாது. ஏழு நாளும் கேற்றிலதான். போ."

அன்று பின்னேரம் கமலாதேவி கேட்டபோது பிரகலாதன் வராத இருமலைத் தொண்டையால் இழுத்தெடுத்து இருமிக் காட்டினான்.

"இது ஆரின்ர இருமல்?"

"என்ரதான்."

"பொய். உங்கட இருமல் முதல்ல சின்னனா ரெண்டு, பிறகு பெரிசா ஒண்டு, முடிவில 'ம்ஹூம்' எண்டு ஒரு முனகல். இதில முனகலே இல்லை. நடிக்கிறியள்." கோபமாக வைத்துவிட்டாள்.

இவ்வளவு பாடமாக்கி வைத்திருக்கிறாள் என்றால் எவ்வளவு வெறுத்திருப்பாள் என்று பிரகலாதன் ஸெய்னுதீனிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்தான்.

"அழாத மச்சான். பெட்டியை இஞ்ச கொண்டா," என்றான் ஸெய்னுதீன். பீடி தன்னுடையது என்ற குற்ற உணர்ச்சி அவனுக்கு இருந்தது. "நான் அடியறைக்குள்ளதானே நிக்கிறன். உனக்காக நான் இருமுறன். நான் வாயைத் திறக்கேல்லை எண்டாச் சரி, கதை பிடிபடாது."

புதன்கிழமை முழுக்க அவன் பெட்டியைச் சேட்டுக்குள் போட்டுக்கொண்டு சீமெந்து இறக்கினான். பின்னேரம் கண்ணிமையெல்லாம் வெள்ளையாக வந்தான்.

"எத்தினை தரம் இருமின நீ?"

"இருமல் வரல்ல. தும்மல்தான். நாப்பது தரமாவது இரிக்கும்."

ஒரு நாளைக்கு ஒரு கட்டுப் பீடி குடிக்கிறவனுக்கு இருமல் வரவில்லை. பெட்டியோ தும்மலை எண்ணாது.

வியாழக்கிழமை ஆராய்ச்சிக்காரரின் உதவியாளர் றிஷானா வந்து பெட்டியைக் கணினியில் கொழுவிப் பார்த்தாள். கிண்ணியா ஊர்ப் பிள்ளை, நல்ல மரியாதை.

"அங்கிள், நேற்று உங்களைச் சுத்திப் பயங்கரத் தூசி. ஆனா ஒரு இருமலும் இல்லை. மாஷா அல்லாஹ், தூசி உங்களை ஒண்டுமே செய்யிறேல்லைப் போல."

இது எழுத்தில் வந்தால் கமலா கேட்கப்போவது ஒன்றுதான். தூசி ஒன்றும் செய்யவில்லை, அப்ப இருமல் எதால்?

"இன்னும் நாள் கிடக்கு மச்சான்," என்றான் ஸெய்னுதீன். "வீட்டில செத்தல் மிளகாய் இரிக்கா? தாச்சியில போட்டுக் கறுக்க வறு. கதவைச் சாத்து."

சனிக்கிழமை நாலு மணிக்குப் பிரகலாதன் குசினிக் கதவைச் சாத்தி அரைக் கிலோ செத்தலை வறுத்தான். முதல் பிடி புகையிலேயே இருமல் வந்தது. நல்ல இருமல், முனகலோடு. சந்தோசத்தில் இன்னும் கொஞ்சம் கிளறினான். பிறகு மூச்சு எடுக்க ஏலாமல் கதவைத் திறந்துகொண்டு ஒழுங்கைக்கு ஓடினான். புகை பின்னால் வந்தது. வீடு எரிகிறதென்று அயலட்டைச் சனம் வாளியோடு ஓடி வந்து அவனைச் சுற்றி நின்று இருமியது. ஒரு நாயும் இருமியது.

திங்கட்கிழமை றிஷானா கணினியைப் பார்த்தாள். கதிரையை மெல்லப் பின்னால் தள்ளினாள். கைப்பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்துப் போட்டாள்.

"அங்கிள், அரை மணித்தியாலத்தில முன்னூற்றிப் பன்னிரண்டு இருமல். காசநோயெண்டாப் பாக்கவேணும். நான் அறிவிக்காம இருக்க ஏலாது."

அடுத்த நாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., வந்தார். சளியை ஒரு குப்பியில் வாங்கினார். வீட்டில் யார் யார் என்று கேட்டார். மனைவி கப்பல்துறையில் என்றதும் மோட்டார் சைக்கிளை அங்கே விட்டார். ஒழுங்கையில் பிரகலாதன் நடந்தால் சனம் மதிலோடு ஒட்டி நின்றது.

ஆறரைக்குப் போன் வந்தது. சாப்பாட்டைக் கேட்கவில்லை. இருமலைக் கேட்கவில்லை.

"பி.எச்.ஐ. வந்தவர்." அவளுடைய குரல் சிறுத்துப் போயிருந்தது. "உண்மையா இருக்குமா?"

"இல்லை கமலா. அது செத்தல் மிளகாய்."

பெட்டியின் கதையையும் செத்தலின் கதையையும் அவன் சொல்லி முடித்தான்.

"அரைக் கிலோவா?"

"ஓம்."

"நான் காயவைச்சு மேல் தட்டில வைச்ச செத்தலா?"

"ஓம்."

போன் கட்டாகியது.

புதன்கிழமை பிரகலாதன் றிஷானாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினான். கேற்று, ஸெய்னுதீன், செத்தல், நாய். அவள் முகக்கவசத்தைக் கழற்றி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். திடீரென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"பொறுங்க அங்கிள். கேற்றில நிண்டது நீங்க மட்டுமா?"

"ஆறு பேரும் பிள்ளை. ஒருத்தனுக்கும் இருமல் இல்லை. இருந்து பாத்தும் வரேல்லை."

அவள் அதை எழுதிக்கொண்டு அவசரமாகப் போனாள்.

சளியில் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்த டொக்டர், இந்த மனிதனை இனித் தூசிக்குள் விடக்கூடாது என்று ஆனந்தராசாவுக்குக் கடிதம் கொடுத்தார். இருமல் எதால் வந்ததென்று அதில் எழுதவில்லை. பிரகலாதனுக்குக் கேற்று நிரந்தரமாகியது. இருமலும் நிரந்தரமாகப் போனது.

"இருமல்?" என்று கேட்பாள் கமலாதேவி.

"இல்லை."

"கொஞ்சமும்?"

"கொஞ்சமும் இல்லை. இனி வாவன்."

"பீடியை விட்டிருப்பியள், அதால நிண்டிருக்கும். எழுத்து எங்க?"

இருமல் போனது அவளுக்குச் சந்தோசமாக இருக்கவேண்டும். ஆனால் ஒவ்வொரு நாளும் குரல் இன்னும் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது. போனை வைத்த பிறகு பிரகலாதன் வாசலில் கிடக்கிற அவளுடைய செருப்பைத் தூசி தட்டித் திருப்பி வைப்பான். வீட்டுக்குள் போகிற பக்கமாக.

ஆறு மாதத்துக்குப் பிறகு றிஷானா எட்டுப் பக்கத் தாளோடு கேற்றுக்கு வந்தாள். கட்டுரை வெளிவந்துவிட்டது. முழுக்க இங்கிலீசு. பிரகலாதன் தன் பேரைத் தேடினான்.

"பேர் போடுறேல்லை அங்கிள். இலக்கம்தான். நீங்க பதினேழு." ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினாள். "கப்பலுக்குள்ள நிண்ட இருபத்தி நாலு பேரின்ர இருமல் இந்தா, மேல நிக்குது. கேற்றுக்கு வந்த ஆறு பேரின்ரயும் கீழ விழுந்திட்டுது. சுப்பவைசர் ஒளிச்சு வைச்சதுதான் எங்களுக்கு ஆதாரமாப் போச்சு. இந்தப் புள்ளி நீங்க."

அவன் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தான். "செத்தல்?"

"அந்த நாளையும் ஸெய்னுதீன் காக்கான்ர நாளையும் கழிச்சாச்சு. காரணமும் போட்டிருக்கு. 'சமையல் நிகழ்வு' எண்டு."

பிரகலாதன் தயங்கினான். "பிள்ளை, இதில தமிழில ஒரு வரி எழுதித் தருவியளா? டொக்டரின்ர கையெழுத்தும் வேணும்."

அடுத்த நாள் அது வந்தது. 'பதினேழாம் இலக்கத்தவரின் இருமல் புகைத்தலால் வந்ததல்ல. சீமெந்துத் தூசியால் வந்தது.' கீழே டொக்டரின் கையெழுத்து.

அன்றே ஓட்டோ பிடித்தான். பொக்கெற்றை மூன்று தரம் தடவிப் பார்த்தான்.

கப்பல்துறையில் கமலாதேவி அந்த வரியை வாசித்தாள். பள்ளிக்கூடப் பிள்ளையின் சொல்வதெழுதலைத் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். பேரப்பிள்ளை அவளுடைய சீலையைப் பிடித்து எழும்பி நின்றது. போன முறை பாயில் கிடந்த பிள்ளை.

"அப்ப இருமல் முழுக்கப் போயிட்டுதா?"

"முழுக்க."

"இனி வராதா?"

"தூசிக்குள்ள போனாத்தானே. வராதெண்டு டொக்டரே சொல்லிட்டார்."

அவள் தாளை மடித்தாள். பிறகு இன்னும் ஒரு தரம் மடித்தாள். எழும்பி உள்ளே போனாள். பத்து மாதம், ஒரு நிபுணர் கூட்டம், எட்டுப் பக்கம், எல்லாம் போதாதா?

ஒரு நிமிசத்தில் பையோடு வெளியே வந்தாள். ஒரு நிமிசத்தில் யாராலும் பை அடுக்க ஏலாது. மேலே படிந்திருந்த தூசியைப் பார்த்தால் அது எப்போதோ அடுக்கின பை.

ஓட்டோவில் அவன் அவளுக்குப் பக்கத்தில் ஏறினான். வாய் சும்மா இருக்கவில்லை.

"இனி உனக்கு ஒரு கரைச்சலும் இல்லை கமலா. ஒரு சத்தமும் இருக்காது. நிம்மதியா நித்திரை கொள்ளலாம்."

அவள் வெளியே பார்த்தாள்.

ஓட்டோ உறுமியது. அப்போது கீர்த்தனி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றக் கையில் போனை உயர்த்திப் பிடித்தபடி வாசலால் ஓடி வந்தாள்.

"அம்மா, நில்லுங்கோ! போனை விட்டிட்டுப் போறியள். அப்பான்ர இருமலெல்லாம் இதுக்குள்ளதானே பிடிச்சு வைச்சிருக்கிறியள், அதைப் போடாம உங்களுக்கு நித்திரை வராதெல்லோ?"