மோரோவின் சிரங்கும் என் உதட்டுப் புண்ணும்

சால்தோ,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மச்சான் ஹசிந்தோவுக்கு வால்தெமார் எழுதுவது. பைசாண்டுவில் நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் என் உதட்டில் புண், நாய் மோரோவின் வயிற்றில் சிரங்கு, உன் அக்கா நெலிதா வாயில் எழுத முடியாத வசவு.

விஷயம் அவசரம். ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் மோரோவை ஏற்றி உன்னிடம் அனுப்பிவிடப் போகிறாளாம் நெலிதா. "அவன் தோட்டம் பெரிசு, அங்க கெடந்து சொறியட்டும்" என்கிறாள். தயவுசெய்து இடமில்லை என்று சொல்லிவிடு. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, என் பேச்சைக் கடைசிவரை கேட்பது இந்த வீட்டில் அந்த நாய் ஒன்றுதான்.

தெள்ளுப்பூச்சி கடித்து, சொறிந்து சொறிந்து மோரோவுக்கு வயிறெல்லாம் கொப்புளம். கால்நடை டாக்டரம்மா ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதே வாரம் சவரக்கத்தி கீறின இடத்தில் எனக்கு உதட்டோரம் தேன் நிறத்தில் பொருக்குத் தட்டியது. ஆஸ்பத்திரியில் எனக்கும் அதே மாத்திரை. உன் அக்கா உடனே துப்பறிந்துவிட்டாள்: "மருந்து ஒண்ணுன்னா நோயும் ஒண்ணுதானே? நாய மூஞ்சிய நக்க விட்டா வேற என்ன வரும்?" ஆனாலும் வேளை தவறாமல் அதற்குப் பால் இனிப்பில் பொதிந்து மாத்திரை ஊட்டுகிறவளும் அவள்தான், மச்சான். எனக்கு இனிப்பும் இல்லை, ஊட்டலும் இல்லை. அதனால் பொருக்கு உதிர்ந்ததுமே நிறுத்திவிட்டு, மிச்ச மாத்திரையை அடுத்த தடவைக்கு ஆகுமே என்று எடுத்து வைத்தேன். சிக்கனம் ஒரு குற்றமா? மோரோவுக்கு வயிறு ஆறி முடியே முளைத்துவிட்டது, அப்போதும் டாக்டரம்மா "நிறுத்தாதீங்க, முழுசும் குடுங்க" என்கிறார். எனக்கோ புண் திரும்பி வந்துவிட்டது. நேற்று உன் அக்கா உதட்டிலும் ஒன்று. அவ்வளவுதான், மோரோவின் தட்டு, கயிறு, கம்பளி எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டாள். அது மூட்டைமேல் படுத்துக்கொண்டு வாலை ஆட்டுகிறது, எல்லோருமாக ஊருக்குப் போகிறோம் என்ற நினைப்பில். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆகவே என்ன பொய் வேண்டுமானாலும் சொல், நாயை மட்டும் ஏற்காதே. மாதா உங்களைக் காக்கட்டும். உன் அக்காவிடமிருந்து எங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன் அத்தான்,
வால்தெமார்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் நெலிதா என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் எங்கள் இருவர் உதட்டையும் பார்த்தார். என் கக்கத்திலிருந்த வெந்நீர்க் குடுவையையும் கையிலிருந்த மாத்தே இலைச்சாற்றுக் குவளையையும் அதில் செருகியிருந்த உறிஞ்சு குழலையும் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே குழல்லயா உறிஞ்சறீங்க?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து," என்றேன் பெருமையாக.

"புண்ணோடயுமா?"

"மாத்தேய நீட்டாம இருந்தா கோவிச்சுக்குவாளே டாக்டர்!"

"நாயும் அதுலதான் குடிக்குமா?"

நெலிதா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "அதுக்கு மாத்தே பிடிக்காதுங்க," என்றேன்.

மோரோவின் கிருமி வேறாம். அவளுக்கு ஒட்டியது என் கிருமிதானாம். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. உன் வீட்டில் இடம் நிறைய இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் வருவது நான்தான். கடைசி மாத்திரை விழுங்கும்வரை அங்கேதான் இருக்க வேண்டும் என்பது உன் அக்கா உத்தரவு. எனக்கென்று தனிக் குழலும் கொஞ்சம் பால் இனிப்பும் வாங்கி வை. கட்டின மூட்டையை இனி எதற்கு அவிழ்ப்பது என்று அதையே என்னிடம் கொடுத்துவிட்டாள். பேருந்து நிறுத்தத்தில் நாய்க் கம்பளியோடு இறங்குகிறவன் உன் அத்தான்.